காலி லாரி இளைத்த கதை

முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினேன். கதை விடுவதற்கு அதைவிடத் தோதான தொழில் கிடையாது. நடந்ததைப் பார்த்தவன் எல்லாம் எதிர்த்திசையில் போய்விடுவான். ஒரு தடவை கோடை வெயிலில் ஐஸ்கட்டி ஏற்றிக்கொண்டு நானூறு கிலோமீட்டர் போனேன். போய்ச் சேர்ந்து தார்ப்பாயை அவிழ்த்தால் ஈரம் மட்டும் இருந்தது. கம்பெனிக்காரர் ஏறிப் பார்த்தார், குனிந்து தொட்டுப் பார்த்தார், "சரக்கு சரியாக வந்தது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஈரத்தை அவ்வளவு நேர்மையாக யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை.

என் மனைவி ஃபாரன்சிக் அக்கவுண்டண்ட். ஒரு கம்பெனியில் யார், எங்கே, எப்படிக் கை வைத்தார்கள் என்று கணக்குப் புத்தகத்தை மோந்து பார்த்தே சொல்கிற வேலை. பதினான்கு நாடுகளில் செய்துவிட்டாள். பதினோரு மொழிகளில் 'ரத்து' என்ற சொல் அவளுக்குத் தெரியும். 'சாப்பிட்டாச்சா' மூன்று மொழிகளில்தான் தெரியும். அது ஏன் அப்படி என்று போகப் போகப் புரியும்.

இப்படி ஒரு புளுகனையும் இப்படி ஒரு மோப்பக்காரியையும் சேர்த்துவைத்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு உண்டா என்று கேட்டதில்லை. கேட்டால் ஆதாரத்தோடு பதில் வரும்.

இந்தக் கதையையும் அவளிடம் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். ஐஸ்கட்டிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இன்னொரு இடத்தில் ஒரு திருத்தம், அது வரும்போது சொல்கிறேன். மற்றதெல்லாம் டிக். அதனால் நீங்கள் தைரியமாகப் படிக்கலாம்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஐந்து மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வந்தேன். வழியில் வெள்ளம், பாலத்துக்கு மேலே தண்ணீர், நான்தான் ஒரு பஸ்ஸையே கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தேன் என்று சொன்னேன். பஸ்ஸுக்குள் எத்தனை பேர், அதில் எத்தனை குழந்தைகள் என்பது வரைக்கும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் வந்தாள்.

"டயர்ல தூசி பறக்குது" என்றாள்.

"வெயில்ல காஞ்சிருக்கும்."

"என்னங்க, நீங்க சொல்ற கதைக்குள்ள நான் எதுவும் தேட மாட்டேன். அது நீங்க கட்டின வீடு, கதவு ஜன்னல் எல்லாம் கச்சிதமா இருக்கும். சொல்லாம விட்டீங்க பாருங்க, அங்கதான் தேடுவேன்."

அதுதான் அவள் பாணி. ஆபீஸிலும் அப்படித்தான். ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்த சின்ன ஆடிட்டர் ஆபீஸில் பதினொரு வருஷம் வேலை பார்த்தாள். மற்றவர்கள் பில்லை எடுத்து, ரசீதை எடுத்து, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். இவள் முதலில் ரத்தான சீட்டுக்கட்டைக் கேட்பாள். அடித்துக் கிழித்து மூலையில் போட்டது. யாரும் மறுபடி பார்க்கப் போவதில்லை என்று நினைத்துப் போட்டது. திருடுகிறவன் கணக்கில் ஏறுவதைத்தான் பொத்திப் பொத்திச் செய்வான், ஏறாததை அலங்கரிக்க மாட்டான் என்பாள்.

அந்த வேலையில் இருந்துகொண்டே ஃபாரன்சிக் பரீட்சைக்குப் படித்தாள். இரண்டு தடவை கோட்டை விட்டாள். மூன்றாவது தடவை, குக்கர் விசிலுக்கும் மகளின் வாய்ப்பாட்டுக்கும் நடுவில் படித்து, பாஸ் ஆனாள். அப்போது வயது முப்பத்தெட்டு. பல நாடுகளில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனி மூன்று பேரைப் பொறுக்கி எடுத்து மூன்று மாதம் ஒத்திகை வேலை கொடுத்தது. முடிவில் ஒருவருக்கு மட்டும் வெளிநாட்டு ஆபீஸில் நிரந்தர வேலை. மற்ற இரண்டு பேருக்கும் ஒரு நன்றிக் கடிதம். முப்பத்தெட்டைத் தாண்டினால் விண்ணப்பமே போட முடியாது.

பழைய வேலையை விட்டுவிட்டுத்தான் இதற்குப் போனாள். அவள் நாற்காலியில் மறுநாளே முதலாளியின் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். சூடு கூட ஆறியிருக்காது.

அவள் அண்ணன், என் மச்சான், பேங்கில் இருக்கிறவர். வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு, "முப்பத்தெட்டு வயசுல வெளிநாடு கேக்குதா? மூணு மாசம் கழிச்சு வந்து, அண்ணே ஒரு வேலை பாத்துக் குடுன்னு நிக்கப் போற" என்றார்.

"வந்து நின்னா குடுப்பியா?" என்று கேட்டாள்.

"அது எப்படி முடியும்?"

"அப்புறம் எதுக்கு இப்பவே கவலைப்படற? டீ ஆறுது, குடி."

கம்பெனி ஒரு தாள் கொடுத்திருந்தது. அதில் ஒன்பதாவது விதி: வேலை நடக்கும் இடத்துக்குக் குடும்பத்தாரை வரவிடக் கூடாது, வேலையைப் பற்றி வெளியாரிடம் பேசக் கூடாது. மீறினால் ஒத்திகையிலிருந்து நீக்கலாம். அதை எனக்கு இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். எனக்குக் காது நன்றாகவே கேட்டது. அதனால் பின்னால் நடந்ததற்குக் காதைக் குறை சொல்ல வழியில்லை.

கடைசி மாதத்தில் அவளுக்கு வந்தது ஒரு குழாய்த் தொழிற்சாலை. எங்கள் ஊரிலிருந்து ஆறு மணி நேரப் பயணம். அங்கே மிஞ்சும் இரும்புத் துண்டுகளை ஒரு வியாபாரி லாரியில் வந்து வாங்கிப் போவார். லாரி காலியாக உள்ளே வரும்போது ஒரு எடை, இரும்பு ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் இரும்பின் எடை, அதற்குத்தான் பணம். தொழிற்சாலை முதலாளிக்கு மட்டும் ஒரு உறுத்தல். வாங்கின இரும்பையும் விற்ற குழாயையும் கழித்துப் பார்த்தால் கழிவு இன்னும் நிறைய வந்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு ஆடிட்டர்கள் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இவளுக்குப் பத்து நாள் கெடு. எட்டாவது நாள் சாயங்காலம் எனக்கு போன் வந்தது.

"என்னங்க, பொதுவா ஒரு சந்தேகம். ஒரு காலி லாரி ஒரு மணி நேரத்துல எவ்வளவு எடை குறையும்?"

"எந்த லாரி?"

"ஏதோ ஒரு லாரி."

"கவலைப்படற லாரியா, நிம்மதியா இருக்கற லாரியா?"

"விளையாடாதீங்க."

"டீசல் கொஞ்சம் குறையும். டிரைவர் இறங்கினா குறையும். ஏன், எவ்வளவு குறைஞ்சுது?"

விதி ஒன்பது அவள் கண் முன்னால் நின்றிருக்கும். பிறகு, "எண்ணூத்தி முப்பது கிலோ" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான், பிறகு சொன்னாள். அங்கேயும் அவள் ரத்துச் சீட்டுகளைத்தான் கேட்டிருக்கிறாள். எடை மேடைக்காரர் பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கிக் கொடுத்தாராம். எட்டாவது நாள் அந்தச் சாக்கின் அடியில் ஒரே ஒரு சீட்டு. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த வியாபாரியின் லாரி காலியாக உள்ளே வந்தது, ஏழாயிரத்து இருபது கிலோ. அன்றைக்கு இரும்பு தூக்கும் கிரேன் பழுது. லோடு ஏற்றாமலே வெளியே போனது. போகும்போது ஆறாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. லோடு இல்லை என்பதால் அந்தச் சீட்டு ரத்து. பணம் இல்லாத சீட்டு ஆடிட்டருக்கு எதற்கு? காலியாக வந்த லாரி, காலியைவிடக் காலியாகத் திரும்பிப் போயிருக்கிறது.

தொழிற்சாலை மேனேஜரைக் கேட்டாள். அவர் மடமடவென்று பதில் சொன்னாராம். "டீசல் தீந்திருக்கும் மேடம். டிரைவர், கிளீனர் ரெண்டு பேரும் இறங்கிருப்பாங்க. தார்ப்பாயை இறக்கி வெச்சிருப்பாங்க, ஸ்டெப்னியை பஞ்சருக்குக் குடுத்திருப்பாங்க. லாரின்னா ஆயிரம் இருக்கும், உங்களுக்குத் தெரியாது." உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்று ராத்திரியே எனக்கு அதே திசையில் ஒரு லோடு இருந்தது. டிக் இருக்கிறது, பாருங்கள். விடியும்போதே இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு இருபது கிலோமீட்டர் தள்ளி அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். அவளைப் பார்க்கப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே, "வெளி வண்டிகளுக்கும் எடை போடப்படும்" என்று போர்டு இருந்தது. கூலி கட்டினால் யாரும் எடை போடலாம். நான் யாரோ ஒருவன். என் லாரியும் அந்த வியாபாரியின் லாரியும் ஒரே கம்பெனி, ஒரே அளவு என்று அங்கே போய்த்தான் தெரிந்தது.

எடை மேடையில் இருந்தவரை எல்லோரும் தராசு என்று கூப்பிட்டார்கள். ஒல்லியான மனுஷர், சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். மேடையில் எது ஏறினாலும் சீட்டு எழுதுவார். மாடு ஏறினாலும் எழுதியிருப்பார்.

முதலில் டீசல் தீரும் நிலையில் எடை போட்டேன். எதிரில் இருந்த பெட்ரோல் பங்க்கில் இருநூறு லிட்டர் நிரப்பிக்கொண்டு வந்து மறுபடி போட்டேன். நூற்றெழுபது கூடியது. பிறகு மேடையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன். நான் இறங்கினேன், எண்பது. தார்ப்பாயும் கயிறும், அறுபது. ஸ்டெப்னி, தொண்ணூறு. ஜாக்கியும் டூல்ஸ் பெட்டியும், நாற்பது. தண்ணீர் கேன், இருபது. ஒவ்வொன்றுக்கும் தனித் தனிச் சீட்டு, தனித் தனிக் கூலி.

(நான் இறங்கினதுக்கு எழுபது என்றுதான் எழுதியிருந்தேன். பென்சில் திருத்தம் இங்கேதான். சீட்டு இன்னும் அவளிடம் இருக்கிறது.)

ஏழாவது சீட்டில் தராசு தலையைத் தூக்கினார். "ஏங்க, என்ன செய்றீங்க?"

நிஜத்தைச் சொல்ல முடியாது. சும்மா இருக்கவும் என் வாய்க்குப் பழக்கம் இல்லை.

"டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிட்டாருங்க."

"உங்களுக்கா?"

"எங்க ரெண்டு பேருக்கும். நானும் வண்டியும் ஒண்ணாவே இருக்கோம் இல்லையா, தனித்தனியா குறைச்சா ஒத்துக்காதாம்."

தராசு கொஞ்ச நேரம் யோசித்தார். "என் மச்சினருக்கும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார். "காலைல வெறும் வயித்துல வெந்நீர் குடிங்க."

"வண்டிக்கும் ஊத்தலாமா?"

"ரேடியேட்டர்ல ஊத்துங்க, நல்லதுதானே."

கடைசியில் ஹாரனையும் கழற்றினேன். பித்தளை ஹாரன், என் முதல் வண்டியிலிருந்து கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு வருகிறேன். எடை மாறவில்லை. "பத்துக் கிலோவுக்குக் கீழ இந்த மேடைக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றார் தராசு, ஏதோ தன் குறையைச் சொல்வது போல.

மொத்தம் நானூற்று அறுபது. ஒரு லாரியை எலும்பு தெரிய உரித்தாலும் அவ்வளவுதான். எண்ணூற்று முப்பதுக்கு இன்னும் முந்நூற்று எழுபது கிலோ எங்கே போனது?

எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, வண்டியை மேடையிலிருந்து இறக்கி மதிலோரம் நிறுத்திவிட்டுக் கேபினிலேயே உட்கார்ந்தேன். லாரி கேபினிலிருந்து பார்த்தால் மதில் சுவர் மறைக்காது. உள்ளே எல்லா இடமும் வறண்டு, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இரும்புக் குவியலுக்குப் பின்னால் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். அதில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் கொக்குக்கு டிக் இருக்கிறது, பிறகு அவளும் பார்த்தாள்.

அதே நேரத்தில், "இரும்பு வண்டி வந்தாச்சு" என்று தராசு குரல் கொடுக்க, வியாபாரியின் லாரி எடை மேடையில் ஏறியது. நான் கீழே இறங்கி, செருப்பு வார் அறுந்தது போலக் குனிந்தேன். லாரிக்காரனுக்கு லாரியின் வயிறு தெரியும். எங்கே டேங்க் இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று தெரியும். இருக்கக் கூடாத இடத்தில், சேஸிஸ் நீளத்துக்கு ஒரு தகரப் பெட்டி. அதே கறுப்புப் பெயின்ட். அடியில் ஒரு குழாய், அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்.

தண்ணீரைச் சுமந்துகொண்டு 'காலி' என்று எடை போடுகிறது. உள்ளே போய்க் குவியலுக்குப் பின்னால் திறந்து விடுகிறது. போன தண்ணீரின் எடைக்கு இரும்பு இலவசம். வாரத்துக்கு மூன்று லோடு. கொக்கு சும்மா வருமா?

மத்தியானம் எதிர் டீக்கடைக்கு அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியாது. சொன்னேன், எல்லாவற்றையும். கொக்கு வரைக்கும்.

ஒரு நொடி கண் மின்னியது. கண்டுபிடித்துவிட்டாள், ஆட்டத்தை முடித்துவிட்டாள், அந்த மின்னல். அடுத்த நொடி அணைந்துவிட்டது.

"உங்களை யாரு வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எடை போட வந்தேன்."

"எட்டுத் தடவையா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட் முழுக்க அதுதான் பேச்சு. யாரோ ஒரு லூசு வந்து லாரிக்கு டயட் இருக்கான்னு சிரிக்கறாங்க. யாருடான்னு பாக்கத்தான் வந்தேன்." தலையில் கையை வைத்துக்கொண்டாள். "மூணு மாசம்ங்க. பதினொரு வருஷ வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். இனிமே விண்ணப்பம் போடக்கூட வயசு இல்லை. நீங்க என் வீட்டுக்காரர்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும், மொத்தமும் போச்சு."

அது வரைக்கும் நான் சொன்ன எந்தக் கதையாலும் யாருக்கும் எதுவும் போனதில்லை.

"தெரியாம பாத்துக்கலாம்" என்றேன். "எல்லாத்தையும் நீயே கண்டுபிடிச்சதா எழுது. நான் வரவே இல்லை. கேட்டா, அந்த லூசு யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடு. நம்ம ரெண்டு பேரும் வேற வேற ஜாடை, யாரும் நம்புவாங்க."

அவள் என்னையே பார்த்தாள். "எப்படிக் கட்டறீங்க பாருங்க. கதவு ஜன்னலோட."

டீக்கடை மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்தாள். அறிக்கையின் அடியில் குறிப்புகள் வரும் இடத்தில் தட்ட ஆரம்பித்தாள். குறிப்பு பதினாலு. 'விதி ஒன்பதை மீறி, காலி லாரியின் எடை பற்றி என் கணவரிடம் தொலைபேசியில் கேட்டேன். இது என் தவறு. அவர் லாரி டிரைவர். எனக்குத் தெரியாமல் இங்கே வந்து, தன் வண்டியை எட்டு முறை எடை போட்டு, எடை மேடைக்காரரிடம் உண்மையல்லாத காரணம் சொன்னார். அவர் பார்த்தவை எதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் தனியே சோதிக்க வேண்டும்.'

"'உண்மையல்லாத'ன்னு போடணுமா?" என்று கேட்டேன். "'நகைச்சுவையான'ன்னு போடலாமே."

"வண்டியை எடுத்துட்டுக் கிளம்புங்க."

அங்கேயே அனுப்பி வைத்தாள். அவளுடைய மேலதிகாரிக்கும் போன் போட்டுப் படித்துக் காட்டினாள். அந்த மனுஷருக்கு நான் ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் யாராவது வாடகை கேட்பார்கள் என்பது போல இருப்பார். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்ன பதில், "ம்."

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அவள் எத்தனை தடவை யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் வழி நெடுக யோசித்தேன்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. அவளும் தராசும் சொன்னதை வைத்து எழுதுகிறேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஊமைக்கோட்டான் கையில் குடையோடு தொழிற்சாலைக்கு வந்தார். எதிரில் வந்த மேனேஜருக்கு ஒரு தலையாட்டல். சிறிது நேரத்தில் வியாபாரியின் லாரி வந்தது. தராசு எடை போட்டார், ஏழாயிரத்துப் பத்து. லாரி உள்ளே போய்க் குவியலுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முன்னால் வந்து கிரேனுக்குக் கீழே நின்றது. கிரேன் தன் பெரிய காந்தத்தைத் தூக்கியது.

ஊமைக்கோட்டான் குடையை விரித்தார். மெதுவாக நடந்து போய், காந்தத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டார்.

மேலேயிருந்து கிரேன்காரர் கத்தினார். "சார்! தலைக்கு மேல ரெண்டு டன் இருக்கு சார்! குடையைப் பிடிச்சா தாங்குமா?"

மேனேஜர் ஓடி வந்தார். "சார், இங்கெல்லாம் நிக்கக் கூடாது சார்!"

அவர் குடைக் காம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒரு மனுஷர் கீழே நிற்கும்போது எவன் இரும்பைத் தூக்குவான்? நாலு மாதத்துக்கு முன்னால் கிரேன் பழுதானபோது என்ன ஆனதோ அதேதான் இப்போதும் ஆனது. லாரி காலியாகவே நின்றது.

என் மனைவி டிரைவரிடம் போனாள். "லோடு வேணாம்ப்பா. அப்படியே திருப்பி எடை மேடைக்கு ஓட்டு."

டிரைவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கொக்கைப் பார்த்தார். கொக்குக்கும் ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது, பறந்து போய்விட்டது.

ஆறாயிரத்து இருநூறு.

தராசு சீட்டை எழுதிவிட்டுப் பேனாவை மூடவே இல்லையாம். முந்தின சீட்டையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாராம். "என் மேடை பொய் சொல்லாதும்மா" என்றார்.

"சொல்லலைங்க. அது மட்டும்தான் இங்க நெஜத்தைச் சொல்லுச்சு. நீங்களும் ஒரு சீட்டைக் கூடத் தூக்கிப் போடாம வெச்சிருந்தீங்க" என்றாள்.

டேங்கைத் திறந்து பார்த்தார்கள். வியாபாரியோடு பங்கு யாருக்கு என்று டிரைவரே சொல்லிவிட்டார். அப்போதுதான் மேனேஜர் கடைசித் துருப்பை எடுத்தார்.

"சார், இந்தம்மாவை நம்பாதீங்க! நேத்து புருஷனை அனுப்பி வேவு பாத்திருக்காங்க. வண்டி நம்பரை வெச்சு விசாரிச்சுட்டேன். டாக்டர் சொன்னாருன்னு தராசுகிட்ட கப்சா விட்டுட்டுப் போயிருக்கான். உங்க விதிப்படி இது செல்லுமா?"

ஊமைக்கோட்டான் குடையை மடக்கினார். பையிலிருந்து அறிக்கையை எடுத்தார், பக்கத்தைப் புரட்டினார், குறிப்பு பதினாலின் மேல் விரலை வைத்து மேனேஜரிடம் நீட்டினார். தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருந்தது. முந்தின நாள் மத்தியானம்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். அவரிடம் அதற்கு மேல் துருப்பு இல்லை.

ஆனால் வேலை கிடைத்ததா என்றால், அது தெரியவில்லை. ஊமைக்கோட்டான் ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார். பன்னிரண்டு நாள் வீட்டில் காத்திருந்தோம். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஒரு கதையும் சொல்லவில்லை. மகள் என் நெற்றியைத் தொட்டு, "அப்பாவுக்கு ஜுரமா?" என்று கேட்டாள். மச்சான் வந்து சோபாவில் சாய்ந்து, "சரி விடு, பேங்க்ல தற்காலிகமா ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். அதுதான் இன்னும் வலித்தது.

பதின்மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். பெரிய மேஜை, அதற்கு அந்தப் பக்கம் ஊமைக்கோட்டான். அன்றைக்கு அவர் பேசினார். நாலு வாக்கியம். அவள் ஒன்று விடாமல் குறித்து வைத்திருக்கிறாள்.

"இதைவிடப் பெரிய திருட்டைக் கண்டுபிடிச்சவர் இன்னொருத்தர் இருக்கார். ஆனா புருஷனையே அறிக்கையில எழுதினவங்க வேற யாரையும் விடமாட்டாங்க. குறிப்பு பதினாலுக்கு ஒரு மாசச் சம்பளம் பிடிப்போம். அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி வெளிநாட்டு ஆபீஸ்ல சேரணும்."

சம்பளம் பிடித்ததற்கான தாளில் அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாளாம். வீட்டுக்கு வந்ததும் மகள்தான் முதலில் கேட்டாள். "அம்மா, அப்பாவை ஆடிட்ல மாட்டிவிட்டியா?"

"மாட்டிவிட்டேன்."

"தப்பிச்சுட்டாரா?"

"இல்ல. அவருக்கு டிக் போடல."

மச்சானுக்கு நானே போன் செய்தேன். "டிக்கெட் போட்டாச்சா, நல்ல சீட்டா பாத்துப் போடச் சொல்லு" என்றார். விமான நிலையத்துக்கு அவர்தான் காரும் கொண்டுவந்தார்.

அவள் முதலில் போவது, வீடு பார்த்த பிறகு ஆறு வாரம் கழித்து நானும் மகளும் போவது என்று ஏற்பாடு. பெட்டியை அவள் வீட்டிலேயே எடை போட்டிருந்தாள், கொக்கி வைத்த சின்னத் தராசில். காலிப் பெட்டி முதலில், பிறகு துணி, பிறகு காகிதங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. மொத்தம் இருபத்திரண்டு கிலோ அறுநூறு கிராம். இருபத்து மூன்று வரை அனுமதி.

விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். இருபத்து நாலு கிலோ நானூறு.

கவுன்ட்டரில் இருந்த பெண், "அதிகமா இருக்கு மேடம்" என்றாள். என் மனைவி அந்த எண்ணைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஒரு கிலோ எண்ணூறு" என்றாள்.

"ஈரமா இருக்கும்" என்றேன். "துணி சரியா காயல."

"என்னங்க."

"வழியில ஒரு ஐஸ்கட்டி லாரி பக்கத்துல..."

அங்கேயே குனிந்து பெட்டியைத் திறந்தாள். அடியில், என் பழைய சட்டையில் சுற்றி, என் பித்தளை ஹாரன். லாரி மேடைக்குத் தெரியாதது இதற்குத் தெரிந்துவிட்டது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இது எதுக்கு?"

"புது ஊரு. யாராவது வழி விடலைன்னா அடி."

எடுத்து என் கையில் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடி சட்டையில் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டினாள், அதிகப்படிக் கட்டணத்தைத் தன் கையிலிருந்தே கட்டினாள். ரசீதைக் கேட்டு வாங்கி, கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அதன் பின்னால் எழுதினாள். கம்பெனிக்குக் கணக்குக் கொடுக்கும்போது குழப்பம் வரக் கூடாதாம்.

அந்த ரசீது இப்போதும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. 'கணவர், ஒரு கிலோ எண்ணூறு கிராம். சொந்தச் செலவு.'